பதினோராம் பக்கம்

அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். சினைப்பைப் புற்றுநோய் இரண்டாம் முறை திரும்பி வந்தபோது, புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேரச் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு பக்கம். ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு வரிவரியாகப் படித்தாள். ஏழு எழுத்துப் பிழைகளை வட்டமிட்டாள்.

கூட வந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "உன்னைச் சோதனை எலியாக்கப் பாக்குறாங்க. பேசாம எந்திரிச்சு வா."

"எலிகிட்ட யாருண்ணா கையெழுத்து கேட்டாங்க? பிடிக்கலைன்னா எப்ப வேணா விலகிக்கலாம்னு பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு. எந்த எலிக்கு அப்படிச் சொன்னாங்க?"

"எனக்குப் பயமா இருக்கு."

படிவத்தை அண்ணன் மடியில் வைத்தாள். "பிழை இருந்தா காட்டு, திருத்துறேன். பயம் இருந்தா நீயே வச்சுக்கோ. கையெழுத்துப் போட உன் நீலப் பேனாவை மட்டும் குடு."