இரட்டைப் பல்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் அழைப்பார்கள். மருத்துவர் அல்லர். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அதற்கேற்பச் செயற்கைப் பல்லும் கம்பியும் செய்து தரும் பட்டறையில் வேலை. அத்தொழில் அவருக்குச் சோறு போட்டது; கூடவே மனிதர்களின் வாய்மீது தீராத அருவருப்பையும் ஊட்டியது. எதிரில் ஒருவர் சிரித்தால் அவர் கண்ணில் படுவது ஈறோரத்து மஞ்சள் படிவுதான். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால், இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றும்.

ஒரே மகளுக்கு ஐந்து வயது. மனைவி துணிக்கடையில் விற்பனைக்கு நின்று, கடை அடைத்த பிறகே வீடு திரும்புவாள். ஆகவே பிள்ளையைத் தூங்கவைக்கும் பொறுப்பு அவருடையது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, சர்க்கரையைத் தாராளமாகக் கரைத்த பால் பாட்டில். வாயில் வைத்துவிட்டால் அழுகை இல்லை, கதை கேட்கும் தொல்லை இல்லை. சற்றைக்கெல்லாம் வீடு அடங்கிவிடும்.

"அஞ்சு வயசுப் பொண்ணுக்குப் பாட்டிலா? நிறுத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பாள் மனைவி.

"நீ வந்து தூங்க வை, நிறுத்திடறேன்."

சில வாரங்களாகப் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்றது. சாப்பாட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுத்தது.

"பல்லு வலிக்குதாம், என்னன்னு பாருங்களேன்."

"சாப்பிடாம இருக்கப் போடற நாடகம். விழப்போற பால் பல்லுக்கு வைத்தியம் வேறயா? நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துட்டு வர்றேன். வீட்டுலயுமா?"

காலையில் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "சீ, நாத்தம்! போய் வாய் கொப்பளி."

ஒரு நாள் முற்பகலில், வழக்கமாக வேலை கொடுக்கும் மருத்துவர் ஒருவரிடமிருந்து ஏதோவொரு குழந்தையின் அச்சு வந்தது. எடுக்கவிருக்கும் கடைவாய்ப் பற்களின் இடம் மூடிப்போகாமல் காக்கக் கம்பி வளையம் வேண்டுமாம். மென்றும் விழுங்காத ஏதோ ஒரு துணுக்கு அச்சுப் பசையில் ஒட்டியிருந்தது. மூக்கைச் சுளித்தார். இடுக்கியால் எடுத்தெறிந்து, கழுவி, பிளாஸ்டர் ஊற்றினார். இறுகியதும் பிரித்துப் பார்த்தார். வெள்ளைப் பிளாஸ்டரில் சொத்தையின் கறுப்புத் தெரியாது; குழி தெரியும். மேல்வாய் முன்பற்களின் பின்புறம் அரித்திருந்தது. கடைவாயில் பல் என்று சொல்ல வெறும் ஓடுதான் மிச்சம்.

"இந்தக் கண்றாவியைப் பாரும்மா," என்று பக்கத்து மேசையில் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் நீட்டினார். "பெத்ததுங்க மனுசங்கதானா? மிட்டாயைத் திணிச்சே அழிச்சிருக்குங்க. நாய்க்குட்டி வளர்க்கக்கூட லாயக்கில்லாத ஜென்மங்க!"

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது மிட்டாய் இல்லண்ணா, பாட்டில். என் அக்கா பையனுக்கும் இதே கதிதான். வாயில வச்சபடியே தூங்கிடுவான்."

அவர் கீழ்வாய் வார்ப்பை மெதுவாகக் கையில் எடுத்தார். முன்னால் இரண்டு பற்கள் ஒன்றாக ஒட்டி, நடுவே மெல்லிய கோட்டுடன் நின்றன.

அந்தப் பல்லை அவருக்குத் தெரியும். அது முளைத்தபோது, "ஆயிரத்துல ஒரு குழந்தைக்குத்தான் இப்படி வரும்" என்று இதே பட்டறையில் மார்தட்டியவர் அவர். மகளின் வாய்க்குள் அவர் கடைசியாகப் பார்த்ததும் அப்போதுதான்.

"என்னண்ணா, முகமே செத்துப்போச்சு? குடுங்க, வளையத்தை நான் பண்றேன்."

"வேணாம். இது என் பொண்ணு வாய்."

கழிவறைக்குப் போய் முகம் கழுவினார். கண்ணாடியைப் பார்க்கக் கூசியது.

அன்று மனைவிக்கு வார விடுமுறை. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்: "டாக்டர்கிட்டப் போனதை ஏன் சொல்லலை?"

"பல்லு வலியைச் சொன்னேன்ல, காதுல ஏறுச்சா? பட்டறைக்கு வந்தா எந்த வாயையும் பார்ப்பீங்க. அதான் உங்களுக்கு வேலை குடுக்கற டாக்டராப் பார்த்துக் கூட்டிட்டுப் போனேன்."

அவர் உள்ளே போனார். சமையலறையில் பாட்டில் இருந்தது. கடிபட்ட ரப்பர் காம்பின் இடுக்கில் திரிந்த பால் ஒட்டியிருந்தது. முகர்ந்தார். காலைதோறும் அவர் முகம் திருப்பிய அதே நாற்றம். குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, மகளின் முன் மண்டியிட்டார்.

"ஆ காட்டு, கண்ணு."

பிள்ளை இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. "மாட்டேன். நீ சீன்னு சொல்லுவே."

"சொல்ல மாட்டேன்."

"மூஞ்சியத் திருப்புவே."

"திருப்ப மாட்டேன்."

கைகள் இறங்கின; வாய் திறந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் மூக்கு அவரையும் மீறிச் சுருங்கிவிட்டது.

"பாரு, சுளிச்சிட்டே!" வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

"அது உன்னைப் பார்த்து இல்லடா. இன்னும் ஒரே தடவை."

பிள்ளை யோசித்தது. பிறகு கையை நீட்டி, அவர் மூக்கை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டது. "இப்போ எப்படிச் சுளிப்பே?"

மனைவி விளக்கைப் பிடித்தாள். "எத்தனை பல்லு போயிருக்கு?"

"நாலு," என்றார். அடைபட்ட மூக்கின் வழியே குரல் தவளைபோல் வந்தது.

பிள்ளை குலுங்கிச் சிரித்தது. சிரித்ததில் வாய் அகலத் திறந்தது. அவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, கடைவாய்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தார்.