கடைசி பஸ்

கணக்கு சார் பரீட்சைப் பேப்பர்களைச் சணல் கயிற்றில் கட்டிக் கொண்டுவருவார். மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்ப்பார். அதிக மார்க் மேலே, குறைந்த மார்க் அடியில். அந்த வரிசையில்தான் பெயர் கூப்பிடுவார். கட்டு மெலிய மெலிய மிச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க அடியில் இரண்டு பேப்பர்தான் மிஞ்சும். முதலில் என்னுடையது. அதற்கும் கீழே, என் பக்கத்தில் உட்கார்ந்தவளுடையது.

"கடைசி பஸ் வருது, வழி வுடுங்க" என்பார் சார். வகுப்பே சிரிக்கும். அவள் அழமாட்டாள். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்து, "பாம் பாம்" என்று வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே போய் வாங்கி வருவாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள். அந்த ஒரு தைரியத்தில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அரைப் பரீட்சை வந்தது. கணக்கு ஒன்றும் ஏறவில்லை. பரீட்சை எழுத உள்ளே போகுமுன் அறைக்கு வெளியே அவளிடம் சொன்னேன்.

"இந்த வாட்டி நான்தான்டி கடைசி. பேர் கூப்ட்டா எழுந்துக்க மாட்டேன். அன்னிக்கே ஸ்கூலுக்கு முழுக்கு."

"இன்னாடி பேசுற? வா, பாத்துக்கலாம்."

எனக்குப் பன்னிரண்டு மார்க். அவளுக்கு ஒன்பது. ஹாரன் அடித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் பேப்பரைப் புரட்டினேன். தண்ணீர்த் தொட்டிக் கணக்கு, ஐந்து மார்க். முழுசாகப் போட்டு, 1540 என்று விடையும் எழுதி, குறுக்கே ஒரு கோடு. சார் போர்டில் எழுதிய விடையும் 1540. அடித்த கணக்குக்கு மார்க் கிடையாது.

"ஏன்டி அடிச்ச?"

"வுடு. எனக்குப் பழகிப்போச்சு. நீ தாங்கமாட்ட."

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். பத்தாவது தேறினேன். அந்தச் சர்டிபிகேட்டில்தான் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறேன். அவள் பத்தாவதில் கணக்கில் பெயில். திரும்ப எழுதச் சொன்னேன். "பஸ்ஸு டிப்போவுக்குப் போயிடுச்சுடி" என்று சிரித்தாள். இப்போது ஒரகடத்தில் ஒரு கேன்டீனில் வேலை. பழகிப்போச்சு என்றாளே, அதில் என் பங்கு எவ்வளவு? ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வரும்.

இப்போது கட்டும் இல்லை, சணலும் இல்லை. போன வாரம் என் மகள் வகுப்பு மார்க் லிஸ்ட் போனில் வந்தது. அவளும் ஒன்பதாவதுதான். அவள் பெயர் எல்லாருக்கும் அடியில். பையை மூலையில் எறிந்தாள்.

"இனிமே போக மாட்டேன். நீ எப்பனா கடைசியா வந்துருக்கியாமா?"

இல்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப உனக்கு இன்னா தெரியும்?"

சரிதான், தெரியாது. தெரிந்தவள் ஒரகடத்தில் இருக்கிறாள். போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி மகளிடம் நீட்டினேன். முதலில் வெறும் ம், ம். பிறகு, "இன்னா பெரிம்மா, எங்கம்மாவுக்காகவா கணக்க அடிச்சீங்க?" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாத்திரத்தைத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தம். போனுக்குள்ளிருந்து "பாம் பாம்."

காலையில் மூலையில் பை இல்லை.