முப்பதாம் நோன்பும் மூன்றாம் வகுப்பு டிக்கட்டும்

ஆறு வயது மகளை நடுவழியில் ஒரு ரயில் நிலையத்தில் தொலைத்துவிட்டு, அது தெரியாமல் ரயிலில் கடலை கொறித்துக்கொண்டிருந்த தகப்பன் நான். அந்த வெட்கத்தோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், சகோதரர்களே.

நாங்கள் மருதமுனை. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என் குடும்பமும், என் மூத்த சகோதரி ஹபீபா ராத்தாவின் குடும்பமுமாகப் பதினொரு பேர் கொழும்பு பார்க்கப் போவதென்று முடிவானது. ஏசி பஸ் கட்டாது. வான் பிடித்தால் அதைவிடச் செலவு. எங்கள் பக்கம் ரயிலே இல்லை, பிள்ளைகள் ஒருவரும் ஏறியதில்லை. மட்டக்களப்பிலிருந்து மூன்றாம் வகுப்பில், எல்லோருக்கும் ஒரே பெட்டியில் ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்தேன். மலிவாக டிக்கட் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு வேறு.

என் மனைவி நுஸ்ரா அப்போதே சொன்னாள்.

“பிறை தெரியாம டிக்கட் போடாதீங்க. ஒரு நாள் தள்ளிப் போடுங்க.”

“கலண்டர்ல நோன்பு இருபத்தொம்பதுதான். நீ சும்மா இரி” என்றேன்.

இருபத்தொன்பதாம் நாள் பிறை தெரியவில்லை. நாளையும் நோன்பு என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். டிக்கட்டில் இருந்த நாளே பெருநாளாகிவிட்டது. பெருநாள் தொழுகையை விட்டுவிட்டு யார் ரயில் ஏறுவது? டிக்கட் வீண். அடுத்த நாளைக்குப் பதிவு செய்ய ஓர் இருக்கைகூட மிச்சமில்லை. முப்பதாம் நோன்பை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நோற்றேன். “நேத்தே பிறை தெரிஞ்சிருந்தா என்ன குறைஞ்சிரும்?” என்று வாய்விட்டே கேட்டேன். அஸ்தக்ஃபிருல்லாஹ், அவன் என்னை மன்னிக்கட்டும்.

அன்று மாலை நுஸ்ரா மகள் சஹ்லாவுக்கு மருதோன்றி வைத்தாள். ஒரு கையில் பூ. மற்றக் கையில் தன் போன் நம்பர்.

“புள்ளைட கைய விசிட்டிங் கார்ட் ஆக்கிட்டியா?” என்று சிரித்தேன்.

“புக்கிங் இல்லாமப் போறம். சனத்துக்குள்ள புள்ள தவறினா?” என்றாள்.

பெருநாளுக்கு மறுநாள் காலை மட்டக்களப்பில் ரயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. கிடைத்த கதவில் ஏறினோம். சஹ்லா ராத்தாவின் பிள்ளைகளோடு வேறு பெட்டியில் மாட்டிக்கொண்டாள். வெலிக்கந்தையில், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட எங்கள் ரயில் நின்றது. அங்கேதான் சஹ்லா உம்மாவைத் தேடி இறங்கியிருக்கிறாள். எங்களோடு வந்து சேர்ந்திருப்பாள் என்று ராத்தா நினைத்தார். அவள் ராத்தாவோடு இருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ரயில் புறப்பட்டு வெகு நேரத்துக்குப் பிறகு ராத்தாவின் கணவர் சனத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

“புள்ள உங்களிட்டதானே, மச்சான்?”

நுஸ்ரா போனை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே யானை திரியும் காடு. போனில் சிக்னல் இல்லை. எதிர் ரயில் வந்து போன சத்தம் நினைவுக்கு வந்ததும், தண்டவாளத்தில் என் பிள்ளை கிடப்பதாகவே மனம் காட்டியது. கடலைத் தோல் சிதறிக் கிடந்த தரையில் நெற்றி பட அப்படியே சுஜூதில் விழுந்தேன்.

“யா அல்லாஹ், உன் நோன்பை மனம் கசந்து நோற்றவன் கேட்கிறேன். எனக்குத் தகுதியில்லை. அவளுடைய உம்மாவுக்காகத் தா.”

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பொலன்னறுவையை நெருங்கும்போது நுஸ்ராவின் போன் அடித்தது. சிங்களத்தில் ஒரு பெண்ணின் குரல். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, “உம்மா…” என்று சஹ்லா.

எங்கள் ரயில் என்று நினைத்து அவள் எதிர் ரயிலில் ஏறியிருக்கிறாள். அழுத பிள்ளையின் கையை விரித்துப் பார்த்த அந்தப் பெண், சிக்னல் கிடைக்கும்வரை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாழைச்சேனையில் அவளோடு இறங்கிக் காத்திருப்பதாக அவர் சொன்னதை, எங்கள் பெட்டியில் சிங்களம் தெரிந்த ஒருவர் போனை வாங்கிக் கேட்டுச் சொன்னார். நாங்கள் பொலன்னறுவையில் இறங்கி பஸ்ஸில் திரும்பி ஓடினோம். சஹ்லா அவர் மடியில், நம்பர் இருந்த கையைப் பொத்தியபடி இருந்தாள். அதன் பிறகு தண்ணீர் குடிக்கவும் விரிக்கவில்லையாம்.

“நனைஞ்சா நம்பர் அழிஞ்சிரும், வாப்பா” என்றாள்.

அந்தத் தாய் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கடுமையான நோய் வருத்தத்தில் கிடந்த தன் மகனைப் பார்க்கப் புறப்பட்டவர் என்று, தமிழ் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்தோம். மகனோடு இருக்கவேண்டிய நேரத்தை எங்கள் மகளுக்குக் கொடுத்தார். நாங்கள் அழுது தெளிவதற்குள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு தொழுகையிலும் அவனுக்காகக் கேட்கிறோம். நீங்களும் கேளுங்கள்.

கொழும்பு பார்க்கவில்லை. ரயில் என்ற பேச்சையே சஹ்லா தாங்கமாட்டாள். ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ். பதிவு செய்த பெட்டியிலிருந்தும் பிள்ளை தவறலாம்; நான் விரும்பிய நாளில் பிறை தெரிந்திருந்தால், புக்கிங் இருக்கிற தைரியத்தில் அவள் கையில் பூ மட்டும்தான் இருந்திருக்கும். அல்லாஹ் தள்ளிப்போடும்போது என்னைப் போல முகம் சுளிக்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.

அடுத்த வருடமும் நோன்பு முப்பதாயிற்று. மனம் நிறைந்து நோற்றேன். மாலையில் நுஸ்ரா மருதோன்றி குழைத்தாள். எங்கும் போகும் திட்டம் இல்லை. ஆனாலும் சஹ்லா கையை நீட்டினாள்.

“முதல்ல நம்பர், உம்மா. இடமிருந்தாப் பூ.”