மடுல்சீமைப் பாதையில் மூன்று மஞ்சள் விளக்குகள்

எங்கள் காரின் டாஷ்போர்டில் மூன்று மஞ்சள் விளக்குகள் எரிந்த காலத்தில் என்னைச் சுற்றியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் மோட்டார் நிபுணர்களாக இருந்தார்கள். நானும்தான். மோட்டார் வாகனங்களின் வரலாறு பற்றித் தடித்த புத்தகங்கள் இரண்டு படித்திருந்தேன். கார் ஓட்ட மட்டும் தெரியாது. ஆகவே எல்லோரையும் விட அதிகமாகப் பேசினேன்.

ஓட்டியவள் என் மனைவி. இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி அது. மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு அவளை அதிபராகப் போட்டிருந்தார்கள். பதுளையிலிருந்து தினமும் போய்வர வேண்டும். பசறைக்கு அப்பால் பஸ் என்பது ஒருவகை நம்பிக்கை. பள்ளிக்கூட மணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார் ஒழுங்காக ஓடினால் அவள் அதிபர். ஓடாவிட்டால், அதுவரை அந்த இடத்தில் பதில் கடமை பார்த்துவந்த உப அதிபர் அந்தக் கதிரையிலேயே தொடர்ந்து உட்கார்ந்திருப்பார். மனிதர் அடிக்கடி போன் எடுத்து, "ரோட்டெல்லாம் மோசம் டீச்சர், பாத்து வாங்க" என்று அக்கறையோடு பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

கார், ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்தது. அதைக் கொழும்பில் தேர்ந்தெடுத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான். பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்ததால், ஆணியும் நட்டும் உள்ள பொருள் எதுவானாலும் அது தன் ஆட்சிக்கு உட்பட்டது என்று நினைப்பவர். கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்றுக் கோணலாக நிற்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. மறுநாளே தனக்குத் தெரிந்த ஒரு பாஸிடம் கொண்டுபோனார். எங்கள் ஊரில் கராஜ்காரர் எல்லோருமே பாஸ்தான். யாருக்கு என்று கேட்கக் கூடாது.

கோணல் என்றால் சக்கரங்களின் நேர்மட்டத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பாஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஸ்டியரிங்கைக் கழற்றினார். அடியில் இருந்த வட்டமான ஒரு பாகம் கையோடு சுற்றிவந்தது. அதை ஏதோ ஒரு நிலையில் வைத்து அமுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை நிமிர்த்தி மாட்டி நட்டை இறுக்கினார்.

"பாருங்க சார், கோயில் வேல் மாதிரி நேரா நிக்குது" என்றார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், அந்த வேலையைச் செய்து கொடுத்தவரே தான்தான் என்ற பெருமை இருந்தது.

பசறை தாண்டியதும் மூன்று விளக்குகளும் எரிந்தன. மூன்றில் ஒன்றில் சறுக்கும் காரின் படம். வளைவில் வண்டி வழுக்கினால் தானாகவே ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்திக் காப்பாற்றும் ஏற்பாடு அது. பாஸிடம் கேட்டோம்.

"அது ஒண்ணுமில்ல சார். ஜப்பான்காரன் சும்மா பயமுறுத்துறதுக்கு வச்சது."

பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மறுபடி மாட்டினார். விளக்குகள் அணைந்தன. பிணியாளியின் வாயில் துணியை அடைத்துவிட்டு முனகல் நின்றுவிட்டது என்று சொல்லும் வைத்தியம். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் இடப்பக்க வளைவு ஒன்றில் கார் கீக்கீ என்று கத்தி, தானே பிரேக் பிடித்து, அவளை வலப்பக்கம் இழுத்தது. வலப்பக்கத்தில் தேயிலை, தேயிலைக்குக் கீழே காற்று. எதிரே லொறி வராததால் நான் இன்றும் குடும்பஸ்தன்.

வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னாள். மச்சான் நிதானமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பயத்துல நீயே பிரேக்க மிதிச்சிருப்ப தங்கச்சி."

"ஏன் அண்ணே, என் காலு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"பயந்தா தெரியாதும்மா."

நான் குறுக்கிட்டு, வளைவுகளில் மையவிலக்கு விசை செயல்படும் விதத்தை விளக்கினேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கீங்களா?"

விளக்கு எரிவதும், பாஸ் வயரைக் கழற்றுவதும், கார் இழுப்பதுமாகச் சில வாரங்கள் போயின. கடைசியில் மச்சான் தீர்ப்பு வழங்கினார். "பொம்பளைக்கு எதுக்கு இந்த மலைப்பாதை? பதவி வேணாம்னு சொல்லிட்டு டவுன் ஸ்கூல்லயே நிம்மதியா இரு. அடுத்த திங்கக்கெழம எஜுகேஷன் ஆபிஸ்ல சொல்லிரு."

நிம்மதி என்ற சொல்லை எங்கள் குடும்பங்களில் பெண்களுக்குத்தான் வழங்குவார்கள், அதுவும் எதையாவது பிடுங்கிக்கொண்ட பிறகு.

அவள் அன்றே பண்டாரவளைக்குக் காரை எடுத்தாள். ஸ்கேனர் என்ற கணினிப் பெட்டி வைத்திருந்த ஒருவர் அங்கே இருந்தார். நானும் மச்சானும் துணைக்குப் போனோம். அதாவது, பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனோம்.

ஸ்கேனர்காரருக்கு உலகத்தில் யார் மீதும் மரியாதை கிடையாது. எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "யாரு ஓட்டுறது?" என்றார்.

"நான்" என்றாள்.

"அப்ப நீங்க சொல்லுங்க டீச்சர். இவங்க வெளிய நிக்கட்டும்."

அவள் சொன்னாள்: "லைட் எரியிறப்ப கார் ஒழுங்கா போகுது. லைட்டை அணைச்சுக் குடுத்தா அப்புறந்தான் இழுக்குது. அதுவும் இடது பக்கம் திரும்பையில மட்டும்."

வெளியே நின்ற எனக்குத் தலைக்குள் ஏதோ எரிந்து அணைந்தது. விளக்கு எரிந்தால் சறுக்கலைத் தடுக்கும் அந்த ஏற்பாடு தூங்குகிறது என்று அர்த்தம். வயரைக் கழற்றிக் கழற்றி நாங்கள்தான் அதை எழுப்பி மடுல்சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனர்காரர் பெட்டியை மாட்டினார். சக்கரங்கள் நேரே நிற்க, திரை மட்டும் ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியிருக்கிறது என்று சாதித்தது.

"ஸ்டியரிங்கக் கழட்டுனது எந்த மேதாவி?"

மச்சான் மலையைப் பார்த்தார். மலை அழகாகத்தான் இருந்தது.

"கீழ இருக்கிற சென்சரத் திருப்பி வச்சிருக்கான். நேரா போறப்பவே வலது பக்கம் திரும்புறதா கார் நெனச்சிக்கிட்டிருக்கு. இவங்க இடது பக்கம் திருப்புனா, ஐயோ வழுக்குதுன்னு பிடிச்சு இழுக்குது. ஓட்டத் தெரியாத கையில இருந்திருந்தா இது எப்பவோ உருண்டிருக்கும்."

பாகத்தை நடுநிலையில் வைத்து, சக்கரங்களையும் சரிசெய்தார். பிறகு ஒரு சிக்கல். இதுதான் நேர் என்று காருக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். அதற்குக் கார் மட்டமான தரையில் நிற்க வேண்டும். அவருடைய முற்றமே சரிவு. எங்கள் ஊவா மலைநாட்டில் மட்டமான தரைக்கு எங்கே போவது? இங்கே கரம்போர்ட் விளையாடினாலே காய்கள் ஒரு பக்கமாகப் போகும்.

"எங்க வீட்டு முத்தம் மட்டந்தான்" என்றார் மச்சான். மழை பெய்தால் அந்த முற்றத்துத் தண்ணீர் முழுவதும் அவருடைய சமையலறைக்குள்தான் வரும்.

வெள்ளைக்காரன் இந்த மலைகளில் மட்டமாக வெட்டியவை, தேயிலை ஃபெக்டரியை விட்டால், இரண்டே இடங்கள்: தான் டென்னிஸ் ஆட ஒன்று, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட ஒன்று. டென்னிஸ் ஆடியவன் போய்விட்டான். பேர் கூப்பிடுவது நிற்கவில்லை. அவளுடைய பாடசாலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தை அவள்தான் நினைவுபடுத்தினாள். ஸ்கேனர்காரர் அந்த ஏற்பாட்டைத் தூங்கவிட்டு, விளக்குகளை எரியவிட்டபடியே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் எப்போதோ மலைக்கு ஏறியிருந்தார்கள். காலியான களத்தில், கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்தார் ஸ்கேனர்காரர். "பரவாயில்ல, வெள்ளைக்காரன் ஆள எண்ணுறதுல கவனமா இருந்திருக்கான்." காரை நடுவில் நிறுத்தி, ஸ்டியரிங்கை அவளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியில் ஏதேதோ அழுத்தினார். மூன்று விளக்குகளும் அணைந்தன. இம்முறை யாரும் பிளேன்டீ குடிக்கவில்லை.

திரும்பும் வழியில் காரை இழுத்த அந்த வளைவுக்கு வந்தோம். போகும்போது இடது என்றால் வரும்போது வலது. ஆகவே அவள் அதைத் தாண்டிப் போய், காரைத் திருப்பினாள்.

"நா ஓட்டவா?" என்றார் மச்சான்.

"வேணாம்."

மேலே ஏறினாள். கத்தல் இல்லை, இழுப்பு இல்லை. மறுபடி திருப்பி வந்து, மறுபடி ஏறினாள், இன்னும் வேகமாக. என் வயிறு மட்டும் வலப்பக்கம் போனது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியில் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "திங்கக்கெழம நா ஸ்கூலுக்குப் போறேன். ஆபிஸுக்கு இல்ல."

திங்கட்கிழமை விடிய மச்சான் எலுமிச்சம்பழங்களோடு வந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்கி வழியனுப்புவது அவருடைய திட்டம். மூன்றை வைத்துவிட்டு, நான்காவது சக்கரத்துக்குச் சுற்றி வருவதற்குள், "நேரமாகுது அண்ணே" என்று அவள் காரை எடுத்துவிட்டாள்.

பசறைப் பக்கம் திரும்பும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒரு மாதிரியா ஓட்டப் பழகிட்டா, என்ன மச்சான்?" என்றார், கையிலிருந்த ஒற்றைப் பழத்தை உருட்டியபடி.

அதை வாங்கி உள்ளே கொண்டுபோய், பிழிந்து, உப்புப் போட்டுக் கரைத்து, நான் மட்டும் குடித்தேன்.