பிரபு தன் பிள்ளைகளைப் பிரித்த விதம்

எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குக் கீழே இருந்த அலுமாரியில் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு குடியிருந்தார். வயது எழுநூறுக்கு மேல். பச்சை மட்டை போட்ட ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்துக்குள் மனைவி, மக்கள், ஆடுமாடு, கற்கோட்டை சகிதம் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், மாத்தளைக் கச்சேரியில் கிளார்க்காக இருந்த அப்பாவை ஒரு துரை பங்களாவுக்குச் சாமான் கணக்கெடுக்க அனுப்பினார்கள். நாற்காலி, விளக்கு, சுவரில் மாட்டியிருந்த மான்கொம்பு எல்லாம் பட்டியலில் ஏறின. கறையான் பிடித்த புத்தகம் மட்டும் ஏறவில்லை. குப்பையில் போடச் சொன்னார்களாம். அப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் மடித்து ஒட்டியிருந்த வம்ச மரத்தில், அச்சடித்த கடைசிப் பெயரிலிருந்து பென்சிலால் ஒரு கோடு இழுத்து, போய்விட்ட துரை தன் பெயரை எழுதி வைத்திருந்தார். நடுவில் இரண்டு கேள்விக்குறிகள்.

எங்களுக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக அந்தப் பிரபுவை அப்பா வேலைக்கு அமர்த்தினார். ஞாயிறு காலை எண்ணெய் முழுக்கு முடிந்து, சீயாக்காய் எரிச்சலில் கண் சிவந்து உட்கார்ந்திருப்போம். அண்ணா ஒரு பக்கம் வாசிப்பான். அப்பா விளக்குவார். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லவேண்டும். அண்ணாவுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. ஐந்து வயதுத் தங்கச்சிக்கு எந்தக் கடமையும் இல்லை. நான் பிரபுவாகும்போது அவள் குதிரையாகவேண்டும், அவ்வளவுதான்.

நான் திருப்பிச் சொன்ன கதையில் பிரபுவுக்கு எங்கள் கணித வாத்தியாரின் மீசை இருந்தது. கோட்டைச் சமையற்கட்டில் பலாக்கொட்டை வெந்தது. அப்பா சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைத் துடைக்க வைப்பதற்காகவே நான் மேலும் புளுகுவேன்.

ஆனாலும் அந்தக் குடும்பம் எங்களுக்கு நெருங்கிய சொந்தம் போலாகிவிட்டது. இரண்டு அரசர்களின் நாடுகளுக்கு நடுவே ஓடிய ஆற்றின் இரு கரையிலும் பிரபுவுக்கு நிலம் இருந்தது. ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமைக்காக ஒரு மடத்தோடு இருபது வருடம் வழக்காடினார். மனைவி மூன்று கிராமங்களும் ஒரு மாவு ஆலையும் கொண்டுவந்தவள். அதைக் கேட்டதும் குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அங்கயும் சீதனமோ?”

“அங்கதான் இன்னும் கூட,” என்றார் அப்பா.

ஏழு பிள்ளைகள். இரண்டு தொட்டிலிலேயே போயின. இரண்டு பெண்களை ஒன்பது வயதிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒருவன் சாமியாராகப் போனான். மிஞ்சியது இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவனுக்குத் தகப்பனின் பெயர், தகப்பனுக்கு அவர் தகப்பனின் பெயர். இதனால் ஒரு பக்கத்தில் செத்தவர் அடுத்த பக்கத்தில் குதிரை ஏறிப் போவார். அவருக்கு உயிர் வந்துவிட்டது என்றே நான் வெகுகாலம் நம்பினேன்.

எண்பத்து மூன்று ஆடியில் எங்கள் தெருவிலும் தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஹாஜியார் பின்வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, “பிள்ளைகள உள்ளுக்கு எடுங்க சேர், மத்ததப் பொறகு பாப்பம்,” என்றார். அவருடைய சாமான் அறையில் கறுவாப் பட்டைச் சாக்குகளுக்கு நடுவில் நான்கு நாள் இருந்தோம். நான் தும்மாமல் இருக்க அண்ணா என் மூக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது கதவும் ரேடியோவும் தையல் மெஷினும் இல்லை. பிரபு குப்புற விழுந்து கிடந்தார். அவரைக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியப்பாவின் கடிதம் வந்தது. அப்பா வேலையை விட்டு வரமுடியாது, அம்மா அப்பாவை விட்டு வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆண்பிள்ளைகளில் ஒருவனையாவது அனுப்பு, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். ஒருவனுக்குத்தான் பாய் விரிக்க இடம்.

அதற்கு அடுத்த ஞாயிறு வழமைபோல் பிரபுவைத் திறந்தோம். இரண்டு அரசர்களுக்கும் சண்டை மூண்டிருந்தது. யார் வெல்வார் என்று பிரபுவுக்குத் தெரியவில்லை. ஒரு காலையில் மூத்த மகனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த அரசரிடம் அனுப்பினார். இளையவனை இந்த அரசரிடம் வைத்துக்கொண்டார். யார் வென்றாலும் ஒரு பிள்ளையும் கோட்டையும் மிஞ்சும்.

அண்ணா வாசிப்பதை நிறுத்தினான். அன்று அப்பா விளக்கம் சொல்லவில்லை.

“யோசிச்சுத்தான் செய்திருக்கிறான்,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகோடு வாசலில் வந்து நின்றாள். “அந்தப் பிள்ளையளின்ர தாய் என்ன சொன்னவ?”

அப்பா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். “அது எழுதேல்ல.”

“போன பிள்ளை திரும்பி வந்தவனோ?”

அடுத்த ஆறேழு பக்கங்கள் சல்லடையாக இருந்தன. அப்பா அதை அவளுக்குத் தூக்கிக் காட்டினார்.

“கறையானுக்கும் தெரிஞ்சிருக்கு, எதைத் தின்ன வேணுமெண்டு,” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சு இல்லை. மூத்தவனா, இளையவனா? அண்ணா திடீரென்று வளர்ந்துவிட்டிருந்தான். ஆமிக்காரர் பஸ்ஸை மறிக்கும் இடத்தில் எல்லாம் அவனை இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை எடுக்கும் வயதே அவனுக்கு இன்னும் ஆகியிருக்கவில்லை. இங்கே வைத்திருக்கப் பயம். ஆனால் அங்கே அந்த வயதுப் பையன்கள் வீட்டைவிட்டுக் காணாமல் போகிறார்கள் என்றும் கேள்வி. அப்படியானால் சின்னவனை அனுப்பலாம் என்பார் அப்பா. அவன் இரவில் பாயை நனைக்கிறவன், எப்படி அனுப்புவது என்பாள் அம்மா. என் மானம் இப்படித் தினமும் தேநீரோடு பரிமாறப்பட்டது.

எனக்கோ போகவேண்டும் என்ற வெறி. அனுப்பப்படுகிற மகனுக்குக் குதிரையும் வாளும் கிடைக்கும் என்று பிரபு எனக்குக் காட்டியிருந்தார். பெரியப்பாவிடம் குதிரை இல்லை, உயரமான ஒரு சைக்கிள் இருந்தது. அது போதும். அதோடு முப்பத்து நான்கு பேர் வகுப்பில் முப்பத்தோராம் பிள்ளை என்ற ரிப்போர்ட் இன்னும் அப்பாவின் கைக்குப் போகாமல் என் தலையணை உறைக்குள் இருந்தது.

கடைசியில் அம்மாதான் சொன்னாள். “அம்மனிட்டக் கேப்பம். பூக் கட்டிப் பாப்பம்.”

இரண்டு பூக்களைத் தனித்தனியே இலையில் பொதிந்து கட்டி, அம்மன் காலடியில் வைத்து, விபரமறியாத ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்புச் செவ்வரத்தை வந்தால் அண்ணா போவது, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் நான் போவது என்று முடிவாயிற்று. எடுக்கிறவள் தங்கச்சி.

வெள்ளிக்கிழமை காலை அம்மா குசினியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொதி கட்டினாள். கதவிடுக்கால் நான் பார்த்தேன். கை தெரியவில்லை. கட்டிய முதல் பொதியை வலப்பக்கம் வைத்தாள், இரண்டாவதை இடப்பக்கம். அப்பா எப்போதும் ‘சிவப்பு, வெள்ளை’ என்றே சொல்லிவந்ததால் அம்மாவும் அந்த வரிசையில்தான் கட்டுவாள், ஆகவே இரண்டாவது வெள்ளை என்று கணக்குப் போட்டேன். நான் கணக்கில் பெயில் ஆகிறவன் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. அம்மா சேலை மாற்றப் போனதும் இரண்டாவது பொதியின் வாழையிலையில் என் நகத்தால் ஒரு பிறை கீறினேன். பிறகு தங்கச்சியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நான்கு தோடம்பழ இனிப்புகளைக் கொடுத்து, பிறை உள்ளதை எடுக்கவேண்டும் என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். விபரமறியாத குழந்தை ஐந்தாவது இனிப்புக் கேட்டாள்.

கோயிலுக்கு நடந்து போகும்போது பூத்தட்டை அண்ணா ஏந்திவந்தான்.

பூசை முடிந்து ஐயர் தட்டை அம்மன் முன்னால் வைத்துச் சுற்றிவிட்டு, “எடும்மா,” என்றார். தங்கச்சி குனிந்து ஒரு பொதியைப் புரட்டினாள். வைத்தாள். மற்றதைப் புரட்டினாள்.

“என்ன பிள்ளை, சந்தையில கத்தரிக்காய் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்?” என்றார் ஐயர்.

அவள் சரியான பொதியைத்தான் எடுத்தாள். என் பிறை எனக்குத் தெரிந்தது. ஐயர் நாரை அறுத்து விரித்தார்.

சிவப்பு.

அப்பா கண்ணை மூடிக் கைகூப்பினார். அண்ணா தலையை மட்டும் ஆட்டினான். அம்மா தட்டையே பார்க்கவில்லை.

அம்மன் என்னைப் பிடித்துவிட்டாள் என்று பயந்தேன். ஆனால் சில நிமிடத்தில் பயம் தெளிந்து சந்தேகம் வந்தது. ஐயர் மற்றப் பொதியைக் கழித்த மாலைகளோடு கூடையில் போட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு தேர்க் கொட்டகைக்குப் பின்னால் ஓடி, பல்லால் நாரைக் கடித்துத் திறந்தேன்.

அதுவும் சிவப்பு.

இம்முறை என் கணக்கு மின்னலாக ஓடியது. தட்டைத் தூக்கி வந்தவன் யார்? அண்ணா. சைக்கிள் மேல் ஆசை யாருக்கு இல்லை? வழியில் வெள்ளையை எடுத்து எறிந்துவிட்டுச் சிவப்பை வைத்திருக்கிறான். நானும் களவு செய்தவன்தான். ஆனால் என் களவு தோற்றுப்போனதால் எனக்கு நீதியில் பெரும் பற்று உண்டாகியிருந்தது.

அம்மா குழாயடியில் நின்றாள். “அம்மா, இதுக்குள்ளயும் சிவப்பு! அண்ணாதான் மாத்திட்டாங்க. அண்ணா கள்ளன்!”

அவள் ஈரக் கையால் பூவைப் பிடுங்கினாள். ஐயரோடு பேசிக்கொண்டிருந்த அப்பா பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பூவைச் சட்டைக்குள் செருகினாள்.

“அப்பாவுக்குச் சொல்லாத ராசா.”

“அண்ணா களவெடுத்தாங்கதானே?”

அம்மா குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, “ஓம். அவனுக்குப் போக ஆசை. விடு,” என்றாள்.

அண்ணா போகும்வரை மூன்று வாரம் நான் அவனோடு பேசவில்லை. அவன் பட்டம் கட்டித் தந்தான், நான் விடவில்லை. என் கணக்கு வீட்டுவேலையைச் செய்து வைத்தான், அதை மட்டும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டேன். “கள்ளனோட பேசமாட்டோம் எண்டு சொல்லு,” என்று தங்கச்சியைத் தூது விட்டேன். அவள் அவனிடமும் இனிப்பு வாங்கிக்கொண்டு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

பெரியப்பா வந்து அவனை அழைத்துப்போன காலையில் அம்மா பெரியம்மாவுக்கு மிளகும் கறுவாவும் பொதி கட்டினாள். நாலந்தா, நாவுல தாண்டி வடக்கே போகும் பஸ் அது. வழியில் மறித்துக் கேட்டால் சொல்ல வேண்டிய ஊர்ப்பெயர்களை அப்பா அவனுக்குப் பாடம் நடத்தினார். அண்ணா ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான். நான் மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை நாலு பேருக்குக் கேட்கும்படி விட்டேன்.

“கள்ளன்!”

அம்மாவின் கை என் தோளில் இறுகியது. அண்ணா முதலில் விழித்தான். பிறகு முகம் சுருங்கி, பிடிபட்டவன் போலச் சிரித்தான்.

“எப்படிடா தெரியும்? ஒரு பள்ளிக்கூடத் தவணைக்குத்தான் எடுத்தேன்,” என்று பையைக் கிளறி என்னுடைய கொம்பாஸ் பெட்டியை எடுத்து ஜன்னலால் நீட்டினான். அது தொலைந்ததே எனக்குத் தெரியாது. பஸ் கிளம்பிவிட்டதால் கூடவே ஓடித்தான் அதை வாங்கினேன். பெரிய களவை மறைக்கச் சின்னக் களவை ஒப்புக்கொள்கிறான், என்ன தந்திரம் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். அவன் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

முதல் வருடம் கடிதங்கள் வந்தன. அவனுடைய மாத்தளைத் தமிழைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறதாம். பெரியப்பாவின் சைக்கிளில் கால் எட்டுகிறதாம். இரண்டாம் வருடம் ஒரு காலை டியூஷனுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று பெரியப்பா எழுதினார். அடுத்த மழைக்காலத்தில் வந்த கடிதத்தில், இனி அவனைத் தேடவேண்டாம், எல்லாம் முடிந்துவிட்டது என்றிருந்தது.

இன்று எனக்கும் இரண்டு பிள்ளைகள். பூத்தட்டு அண்ணாவின் கைக்கு வரும்போதே இரண்டு பொதிகளும் இறுகக் கட்டி முடிந்திருந்தன. கட்டியவள் கை ஒன்றே. இந்தக் கணக்கைப் போட எனக்கு முப்பது வருடம் எடுத்தது. பெரியவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து அனுப்பினாளா, பாயை நனைக்கும் சின்னவனைப் பிரிய மனமில்லாமல் அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவள் அப்போது உயிரோடுதான் இருந்தாள்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் ஹாஜியாரும் கச்சேரி ஆட்களும் வந்து மர வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கேட்காமலே அப்பா ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னார்.

“நாங்கள் எங்கட எண்ணத்துக்கு அனுப்பேல்ல. அம்மனிட்டக் கேட்டுத்தான் அனுப்பினனாங்கள். அவள் தந்த பதில்.”

சுவரோடு சாய்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அத்தனை பேரையும் தாண்டி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது, பொறுப்பு வந்திருந்தது. செத்துப்போன அண்ணாவைக் கள்ளன் என்று காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்றுதான் அவள் பயப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். சொல்லமாட்டேன் என்று, அவளுக்கு மட்டும் தெரியும்படி, தலையை அசைத்தேன்.