அண்ணன் திருத்திய போர்க்கவிதை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பொறுமையைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவர் வாழ்வின் ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் உறவினர் பலருக்குத் தெரியாது. அதை எழுதலாம் என்று அண்ணனே படுக்கையில் இருந்தபோது சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். நான் அவரைவிட எட்டு வயது இளையவள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராகச் சேர்ந்தவர், என்னைக் கல்லூரியில் படிக்க வைப்பதற்காகக் குவைத்துக்குப் போய்த் தண்ணீர் லாரி ஓட்டினார். நான் தமிழாசிரியை ஆனது அப்படித்தான்.

அங்கே அவருடன் ஒரே அறையில் இருந்தவர் மங்கலம்பேட்டைக்காரரான மஜீத் பாய். அவரும் டிரைவர். ஒரே மாவட்டம் என்பதால் வந்த முதல் வாரமே இருவரும் ‘மச்சான்’ என்று கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்களாம். பிறகு அங்கே போர் மூண்டது. பாலைவனம் கடந்து, எல்லை முகாமில் பல நாள் கிடந்து, அண்ணன் மட்டும் ஊர் திரும்பினார்.

வந்த மறுநாளே மங்கலம்பேட்டைக்குப் போனார். மஜீத் பாயின் மனைவி கைக்குழந்தையோடு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாராம். அண்ணன் மஜீத் பாயின் பச்சை பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, “தூக்கத்துலயே போயிட்டாரு தங்கச்சி. மாரடைப்பு. அவருக்கு ஒண்ணுமே தெரியல” என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களிடமும் அதையேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டினார். திருமணம் ஆயிற்று, இரண்டு மகன்கள் பிறந்தார்கள். தொலைக்காட்சியில் எங்காவது சண்டையைக் காட்டினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நாங்களும் காரணம் கேட்டதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நான் வேலை பார்க்கும் சிதம்பரத்தில் ஒரு கவியரங்கம் நடந்தது. தலைப்பு போர். என்னையும் அழைத்திருந்தார்கள். நான் எழுதியதை முதலில் படிப்பவர் எப்போதும் அண்ணன்தான் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு எடுத்துப் போனேன். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“குருதி ஆறா ஓடுச்சுன்னு எழுதியிருக்க. எங்க ஓடுது ஆறு? ஒரு மனுஷன் உடம்புல எவ்ளோ ரத்தம் இருக்கும்? மணலு எல்லாத்தையும் குடிச்சிடும். கொஞ்ச நேரத்துல கறுப்பா ஒரு வட்டம் இருக்கும், அவ்ளோதான்.”

“அது உயர்வு நவிற்சி அணி, அண்ணே” என்றேன், வகுப்பில் சொல்வதைப் போல.

“என்ன அணியோ! வரிக்கு வரி ‘போல’ ‘போல’ன்னு போட்டிருக்கியே, அது எது மாதிரியும் இல்லம்மா.”

‘அது’ என்று அவர் சொன்ன விதத்தில் நான் காகிதத்தை மூடி வைத்தேன். அன்று மதியம்தான், அண்ணியும் நானும் கேட்க, முதன்முறையாகச் சொன்னார்.

போரின் இரண்டாம் நாள் காலையில் அவரும் மஜீத் பாயும் ஒரே லாரியில் தண்ணீர் கொண்டு போனார்கள். வழியில் துப்பாக்கிச் சூடு. குதித்து ஓடி, பாதி கட்டிய ஒரு சுவருக்குப் பின்னால் விழுந்தார்கள். மஜீத் பாய்க்கு வயிற்றில் குண்டு பாய்ந்திருந்தது. முப்பது அடி தூரத்தில் லாரி நின்றது, நிறையத் தண்ணீரோடு. அவர் தண்ணீர் கேட்டார். அண்ணன் இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் சுவரில் குண்டு பட்டுச் சிதறியது. மூன்றாவது முறை எழவில்லை. மஜீத் பாய் மதியம் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பழைய கவிதையைக் கிழித்துப் போட்டேன். புதியதில் ஓர் உவமைகூட இல்லை. சுவர், லாரி, கொக்கி போனதால் இரண்டு ஊக்கு குத்தியிருந்த பச்சை பெல்ட் என்று இருந்ததை மட்டும் எழுதினேன். நான்கு பத்திகள். ஒவ்வொன்றின் முடிவிலும் மஜீத் பாய் கேட்டது.

தண்ணி குடு மச்சான்.
தண்ணி குடு.
தண்ணி.
தண்.

ஒரே சொல் திரும்ப வருவதும் வரவரக் குறைவதும்தான் அதிலிருந்த உத்தி. அதைக்கூட நான் உண்டாக்கவில்லை. அவருடைய மூச்சு அப்படித்தான் குறைந்திருக்கிறது. அண்ணன் படித்துவிட்டு, “இது சரி. பேரும் போடாத, ஊரும் போடாத” என்றார்.

கவியரங்கத்தில் மற்றவர்களுக்கு வரிக்கு வரி கைதட்டல். என் கவிதைக்கு யாரும் தட்டவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் பள்ளிக்கு என்னைத் தேடி வந்தார்.

“டீச்சர், அந்த பெல்ட் எங்க வீட்லதான் இருக்கு” என்றார்.

அவர் பெயர் ஷாகிரா. மஜீத் பாயின் மகள். சிதம்பரத்தில் நர்ஸ். தன் பெண்ணை அழைத்துக்கொண்டு கவியரங்கத்துக்கு வந்திருக்கிறார். பெயரையும் ஊரையும் மறைத்த எனக்கு அந்த ஊக்குகளை மறைக்கத் தோன்றவில்லை. ஓர் உவமை யாருக்கும் பொருந்தும். அந்த இரண்டு ஊக்கும் ஒருவருக்குத்தான் பொருந்தும்.

அன்று மாலையே இருவரும் கடலூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் சொல்லும் முன்பே, மஜீத் பாயின் முகச்சாடையை வைத்து அண்ணனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

“எங்கத்தா எப்படிப் போனாரு மாமா? நெஜத்தச் சொல்லுங்க.”

அண்ணன் எங்களிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னார். கடைசியில், “முப்பது அடிம்மா. நான் போயிருக்கணும். போவல” என்றார்.

ஷாகிரா, வார்டில் நோயாளியிடம் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார். “மாமா, வயித்துல குண்டு பாஞ்சவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கவே கூடாது. நீங்க கொண்டாந்து குடுத்திருந்தாலும் அவரு பொழச்சிருக்க மாட்டாரு. வேதனைதான் ஜாஸ்தி ஆயிருக்கும்.”

“நெஜமாவாம்மா?” என்று அண்ணன் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவர் பொறுமையாக ‘ஆமாம்’ என்றார்.

புறப்படும்போது, “அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும் மாமா” என்றார்.

“இத்தினி வருஷம் கழிச்சி அவுங்க நிம்மதியையும் கெடுக்கணுமா?”

“அது நிம்மதின்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

அடுத்த ஞாயிறு மூவரும் மங்கலம்பேட்டைக்குப் போனோம். இந்த முறை அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. அண்ணனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். அவர் அழவில்லை.

“தூக்கத்துல போயிட்டாருன்னு சொன்னீங்களே அண்ணே. அப்போ கடைசியா எங்கள நெனைக்கவே இல்லியான்னு இத்தினி வருஷமா கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்தையாவது பேசினாரா?”

இறந்தார் என்பதைத் துஞ்சினார், அதாவது உறங்கினார், என்று சொல்வது மங்கல வழக்கு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அந்த வழக்கு ஒரு பெண்ணிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பது அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் சொன்னார்: “பேசினான் தங்கச்சி. தண்ணி கேக்காத நேரமெல்லாம் புள்ள பேச்சுதான். பொண்ணு பொறந்திருக்குன்னு தந்தி வந்துச்சு. பேரு எழுதின கடுதாசி வரல. ‘என்ன பேரு வெச்சாங்க மச்சான், என்ன பேரு வெச்சாங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்கு எப்படித் தெரியும்? மும்தாஜ்னு வெச்சிருக்காங்கடான்னு ஒரு பொய்ய சொன்னேன். ‘நல்ல பேரு’ன்னான். அப்புறம் பேரக் கேக்கல.”

அதுவரை நிதானமாக இருந்த ஷாகிரா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார். அந்த அம்மா மகளின் முதுகில் கை வைத்தபடி, “புள்ளைக்குப் பேரு வெச்சாச்சுன்னு தெரிஞ்சிதான் போயிருக்காரு” என்றார். அப்புறம் எங்களைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்தார்.

அண்ணனுக்கு அடுத்த ஆண்டு சிறுநீரகம் பழுதடைந்தது. சிதம்பரத்துக்கு அழைத்து வந்து டயாலிசிஸ் செய்தோம். வலியைப் பற்றி அவர் புகார் சொன்னதில்லை. காத்திருக்க வைப்பதைப் பற்றித்தான் சொன்னார். ஒரு மதிய வேளையில், அண்ணியும் பிள்ளைகளும் பக்கத்திலிருக்க, அமைதியாக அடங்கினார்.

சலிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், விடுப்பெடுத்து ஓடிவந்த பிள்ளைகளுக்கும், மருத்துவர்களுக்கும், ஆள்மாற்றி ஆள் துணையிருந்த முதுநகர்த் தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. தன் வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் ஷாகிரா. கடைசி நான்கு நாளும் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து தங்கி அண்ணிக்குச் சோறு போட்டவர் அவருடைய அம்மா. காரியத்தன்று பந்தியில் உறவினர்கள் சிலர் “இவுங்க யாரு?” என்று கேட்டபோது, கூட்டத்தில் விளக்க முடியாமல் “தெரிஞ்சவங்க” என்று சொல்லிவிட்டேன். அது தவறு. அவர்கள் அண்ணனின் தங்கையும் தங்கை மகளும்.