நாலாவது பலகை

அண்ணன் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் அலோர் ஸ்டாரில், மெர்கோங் பகுதியில் உள்ள என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்பது படங்கள் வந்தன. ஏதோ ஒரு சின்னக் கிராமம். வெள்ளைச் சுவர்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள் ஓடும் பழைய வீடுகள், ஓடைக்கரையில் ஒரு மாவு ஆலை. "அத்தை, நம்ம தோட்டத்து பங்களா மாதிரியே இருக்குல்ல?" என்று கேட்டிருந்தாள். அங்கே அந்தச் சட்டங்கள்தான் வீட்டைத் தாங்குகின்றனவாம். ஒன்றை உருவினால் சுவரே சரிந்துவிடுமாம்.

செமிலிங் ஊர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துப் பங்களா அப்படிப்பட்டதல்ல. அது செங்கல் வீடு. ஊர் ஏக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை அதன்மேல் பலகைகளை அறைந்து தார் பூச வைத்திருக்கிறார். எட்டு வயதுவரை அதைப் புலிவரி என்றே நம்பினேன். புலிக்குப் பயந்து துரை தன் வீட்டுக்கே புலிவேஷம் போட்டிருக்கிறார் என்று பள்ளிக் கட்டுரையில் நான் எழுதியதற்கு வகுப்பே சிரித்தது. பின்னாளில் பத்திரிகைக்காரியான நான் விட்ட முதல் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்களாவுக்குப் புதிதாகத் தார் பூசும் வாடை வந்தால் தலைநகரிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்று அர்த்தம். தார் வாடைக்கு அடுத்து எனக்கு நினைவு வருவது பால் உறையும் புளித்த வாடை. அம்மா மாரியாயி வேலை செய்த ஆலையின் வாடை அது. உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக எடுப்பார்கள். உருளைக்குள் கை போய்விடாமல் முன்னால் ஒரு தடுப்புப் பலகை இருக்கும்.

அந்த வருடம் பெரிய துரை வருவதற்கு முதல் நாள் அந்தப் பலகையைக் காணவில்லை. அம்மா கேட்டதற்கு, வேலையைப் பார் என்றார் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி. தோட்டத்து ஆபீஸ் முழுவதும் அவர் கையில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அம்மாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆபீஸ் ஆட்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு காகிதத்தை நீட்டி அம்மாவின் இடது பெருவிரலை அதில் பதித்துக்கொண்டு போனார்கள். அதில் இருந்ததைப் பிறகுதான் ஒருவர் படித்துச் சொன்னார். பலகையை அவளே கழற்றி வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் கையை விட்டாளாம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் அம்மாவுக்கு 'வாயாடி விரல்' என்று பெயர் வைத்தார்கள். குழாயடியில் சண்டை வந்தால் அந்தப் பெயர்தான் முதலில் வரும். அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

பல வருடங்கள் கழித்து அலோர் ஸ்டாரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தேன். மாநிலத்தின் பழைய கட்டடங்களைப் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதினேன். ஒருநாள், ஓய்வு பெற்ற பெரிய கிராணி ஒரு பழைய படத்தோடு வந்து நின்றார். பங்களா முன்னால் அவரும் பெரிய துரையும். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. லயத்தில் 'ஏய் புள்ள' என்று கூப்பிட்டவர், "தங்கச்சி, நம்ம சேவைய கொஞ்சம் பெருசா போடுங்க லா" என்றார்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, கிராணியின் தோளுக்கு மேலிருந்த ஒரு பலகையைத் தொட்டார்.

"இது நம்ம மிஷின் பலகடி. நாங்க கைய ஊனி ஊனித் தேஞ்ச பள்ளம் பாரு."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தாருக்கு அடியில் பள்ளம் தெரிந்தது. வரிசையாக நான்கு ஆணித்துளைகளும் தெரிந்தன. பெரிய துரை வருகிறார் என்று, கரையான் அரித்த ஏதோ ஒரு பலகைக்குப் பதிலாக இதைக் கழற்றி அறைந்திருக்கிறார்கள்.

அம்மாவின் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு கிராணியைச் சாய்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கிராணியின் பழக்கம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கொடுக்கும் ஆள்கணக்குத் தாளில் ஒரு வரி தவறென்றால் தாளையே கிழித்துப் போடுவார். ஒன்று தப்பென்றால் எல்லாம் தப்பு என்பது அவர் வேதம்.

படத்தில் அது இடமிருந்து நான்காவது பலகை. 'மூன்றாவது பலகை, ஆலை எந்திரத்திலிருந்து கழற்றப்பட்ட தடுப்புப் பலகை என்கிறார் விரல்களை இழந்த மாரியாயி' என்று படவிளக்கம் எழுதினேன். என் தொழிலில் தெரிந்தே செய்த ஒரே பிழை அது.

படம் வெளிவந்த இரண்டாம் நாள் காலை கிராணி பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஆசிரியரின் மேசைக்கு முன்னாலேயே உட்காரவைத்துக் கேட்டேன்.

"எது தப்புங்க ஐயா? சொல்லுங்க, திருத்தம் போட்டுர்றேன்."

"மூணாவதுன்னு போட்டிருக்கு. நாலாவது லா. நான் பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னது, எனக்குத் தெரியாதா? ஒண்ணு தப்புன்னா எல்லாம் தப்பு."

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி நீட்டினேன். படித்தார். ஒரு கால்புள்ளியைக்கூடத் திருத்தினார். அழகாகக் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் தாளை அச்சுக்கு அனுப்பினார். எழுந்து போகும்போது கிராணி, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி ஆசிரியரின் மேசையைப் பார்த்தார்.

மறுநாள், அந்தப் பலகையை அடிக்கச் சொன்னது தானே என்ற கிராணியின் வார்த்தையோடு திருத்தம் நான்கு வரியில் வந்தது. அம்மா அதை வெட்டி எடுத்துக்கொண்டு பழைய லயத்து ஆட்கள் குடியேறியிருந்த வீடுகளுக்கெல்லாம் போனார். ஒவ்வொரு வீட்டிலும் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, முடியும்வரை உட்கார்ந்து கேட்டார். குழாயடியில் அதிகம் வாயாடிய பெண் வீட்டில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாராம். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. பங்களாவை இடித்துவிட்டார்கள். ஆலையின் இரும்பு பழைய சாமான் லாரியில் போய்விட்டது. லயங்களில் ஒரு கல்கூட மிச்சமில்லை. இவையெல்லாம் நாங்கள் கைவைக்காமலே போனவை.

கிராணி இறந்தபோது மரண அறிவிப்போடு அவர் மகன் என்னிடம்தான் வந்தார். அதில் பெரிய கிராணி என்ற பட்டமும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. அந்தத் திருத்தத்தைப் படித்திருந்த மகன் பேனாவை வாங்கி அந்த இரண்டையும் தன் கையாலேயே அடித்தார்.

"வெறும் பேரு மட்டும் போடுங்கக்கா" என்றார்.

வெறும் பெயரை மட்டும் போட்டேன்.